ஐந்து மதிப்பெண் விடை

எங்கள் அன்பியத்தில் விவிலியப் பகிர்வை எந்த முறையில் நடத்துவது என்று முடிவு செய்தவன் நான். கேட்பவர்களிடம் "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பங்குத் தந்தை ஒரு படிவம் கொடுத்தார். அதில் நான் டிக் அடித்தேன். அடித்த பிறகு மற்றவர்களிடம் காட்டினேன், அவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு அவர்களைப் பழக்கியவனும் நான்தான்.

அன்பியம் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. ஒரு கோயிலுக்கு உட்பட்ட பங்கைத் தெருத் தெருவாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களை ஒரு குழுவாக்கி, வாரம் ஒரு வீட்டில் கூடச் சொல்வார்கள். ஒரு நற்செய்திப் பகுதியை வாசித்து, அதைப் பற்றிப் பேசி, செபித்து, டீயும் மிக்சரும் சாப்பிட்டுக் கலைய வேண்டும். பள்ளிபாளையத்தில் எங்கள் அன்பியம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடும். எங்கள் தெருவில் தறிகள் நின்றிருக்கும் நேரம் அது ஒன்றுதான். மற்ற நேரங்களில் ஆண்டவரே நேரில் வந்து பேசினாலும் காதில் விழாது.

அந்தக் குழுவில் படித்தவன் என்று நான் ஒருவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் பல ஆண்டுகள் முதன்மைத் தேர்வாளர். ஓய்வு பெற்ற பிறகு நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த மாதிரிப் பள்ளிகளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அங்கே பாடம் நடத்த மாட்டார்கள், விடையை ஏற்றுவார்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு இத்தனை வரி, ஐந்து மதிப்பெண்ணுக்கு இத்தனை வரி, அடிக்கோடு இட வேண்டிய சொற்கள் இவை. பிள்ளை தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும். ஏன் என்று கேட்டால் முழிக்கும். அந்த முழிப்பை நான் ஆறு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன், அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

படிவம் வருவதற்கு முன்பு எங்கள் அன்பியம் ஏழு படி முறையில் நடந்துகொண்டிருந்தது. முதலில் செபம், பிறகு வாசிப்பு. அதன் பிறகு அவரவர் மனதில் பட்ட ஒரு சொல்லை மூன்று முறை சத்தமாகச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அந்தச் சொல் ஏன் பட்டது என்று பகிர வேண்டும். எனக்கு இந்த முறை மீது சொல்லி முடியாத இளக்காரம். வளர்ந்த மனிதர்கள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு ஒருவர் "படகு, படகு, படகு" என்பார், இன்னொருவர் "மீன், மீன், மீன்" என்பார். சந்தையில் ஏலம் விடுவது போல இருக்கும். பகிர்வு என்று வந்தால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர், எந்த வசனத்தை வாசித்தாலும் தான் ராஜஸ்தானில் எழுநூறு அடி போர் போட்டுத் தண்ணீர் வராத கதைக்கு வந்து சேர்ந்துவிடுவார். "இதுல பாருங்க சார்," என்று என்னைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

இன்னொருவர் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை செய்யும் அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. புருசன் ரிக் வேலைக்கு வடக்கே போனவர், பன்னிரண்டு ஆண்டுகளாகத் திரும்பவில்லை, அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்பது தெருவுக்கே தெரியும். அவர் ஒரு பகுதியை ஒரு முறை வாசிக்கக் கேட்டால் போதும், வரி மாறாமல் திருப்பிச் சொல்லிவிடுவார். ஒருநாள் குளத்தங்கரையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் படுத்துக் கிடந்த நோயாளியை ஆண்டவர் குணமாக்கிய பகுதி. அந்த அம்மா "ஆள் இல்லை" என்று மூன்று முறை சொன்னார். பகிர்வு நேரத்தில், "தண்ணி பக்கத்துலயேதான் இருக்குதுங்க. எறக்கி உடறதுக்குத்தான் ஆளில்ல. எனக்கு அது நல்லாத் தெரியுமுங்க," என்றார். அவ்வளவுதான். பெண்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். குணமாக்கியவரைப் பற்றிய பகுதியில் குணமாக்கியவரை விட்டுவிட்டாரே, மையக்கருத்தே போய்விட்டதே என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் மார்க் போட்டே பழக்கமுங்க," என்றாள் அவள்.

இப்படி இருக்கும்போதுதான் அன்பியப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை அந்தப் படிவத்தை நீட்டினார். நான்கு முறைகள் அச்சாகியிருந்தன. ஏழு படி முறை, வாழ்க்கை நிகழ்ச்சியிலிருந்து தொடங்கும் முறை, விரிவுரை முறை, வினா விடை முறை. உங்கள் குழுவுக்கு எது ஏற்றது என்று குழுவில் பேசி, இரண்டு வாரத்தில் கொடுங்கள் என்றார். இளம் வயதுச் சாமியார். அச்சடித்த தாளில் அபார நம்பிக்கை உள்ளவர். மனிதர்கள் கூடி உட்காருவதற்குக்கூட ஒரு படிவம் வேண்டும் என்று எந்தக் கல்லூரியில் கற்றாரோ. நானோ அவருக்கு மேல். இரண்டு வாரம் எதற்கு என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

"பேசிட்டே குடுக்கலாமே சார்," என்றார் அவர்.

"பேசினா ராஜஸ்தான் வரைக்கும் போயிடுவாங்க ஃபாதர்," என்றேன். சுற்றியிருந்த பொறுப்பாளர்கள் சிரித்தார்கள். ரிக் பெரியவரை அவர்களுக்கும் தெரியும். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. வினா விடை முறைக்கு எதிரே டிக் அடித்தேன். அந்த ஆண்டு பல பங்குகள் சேர்ந்த மறைவட்ட அளவில் விவிலிய வினாடி வினா நடக்கப்போகிறது என்பதும், கேடயம் உண்டு என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

அடுத்த ஞாயிறு முதல் அன்பியத்தின் முகமே மாறியது. நான் பகுதியை முன்கூட்டியே வாசித்து, கேள்விகளும் விடைகளும் கணினியில் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, வீட்டுக்கு ஒன்று கொடுப்பேன். இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா மூன்று. மதிப்பெண் உண்மையில் போடவில்லை. ஆனால் அப்படித் தலைப்பிட்டிருந்தேன், ஏனென்றால் வேறு விதமாகத் தலைப்பிட எனக்குத் தெரியாது. வாரா வாரம் சுற்றி வருவேன். கேள்வியைச் சொல்லி ஒருவரைக் கை காட்டுவேன். சரியாகச் சொன்னால் "குட்" என்பேன். அறுபது வயது ஆட்கள் என் "குட்"டுக்காகப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள். அதைப் பார்த்து நான் எங்கள் அன்பியம் வளர்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று சீடர் கேட்க, எழுபது தடவை ஏழு என்று ஆண்டவர் சொன்ன இடம் வந்தபோது, ரிக் பெரியவர் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நானூத்தித் தொண்ணூறு சார்!" என்றார்.

"குட்," என்றேன்.

"அப்ப நானூத்தித் தொண்ணூத்தி ஒண்ணாவது தடவ அடிக்கலாமுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "அடுத்த கேள்வி," என்றேன். அந்த மனிதர் வேடிக்கையாகக் கேட்டது அன்று கேட்கப்பட்டவற்றில் ஒரே உருப்படியான கேள்வி என்பது எனக்கு உறைக்கவில்லை.

நூல் சுற்றும் அம்மா அந்த மாதங்களில் பேசவில்லை. அவரைக் கை காட்டினால், "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார்," என்பார். வாசிக்கக் கேட்டு மனதில் நிறுத்தக்கூடியவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் தாளில் இருந்த விடையைத்தான் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அது சரியாகவும் இருந்தது, நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். நான்கைந்து வாரத்தில் அவரைக் கை காட்டுவதை விட்டுவிட்டேன். அவர் கதவோரத்தில் உட்கார்ந்து, டீ கொடுக்கும் நேரத்தில் டம்ளர் எடுத்துக் கொடுப்பார்.

ஒரு புத்திசாலித்தனம் பற்றாது என்று இன்னொன்றும் செய்தேன். யாருக்காவது வேதத்தில் சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போடலாம், பெயர் எழுதக் கூடாது, அடுத்த வாரம் ஆதாரத்தோடு விடை தருவேன் என்று அறிவித்தேன். கூச்சமில்லாமல் கேட்பார்கள் என்று காரணம் சொன்னேன். கூட்டத்தில் நேரடியாகக் கேட்டால் பேச்சு வளரும், வளர்ந்தால் நேரம் போகும் என்பதே உண்மைக் காரணம். முதல் வாரங்களில் வந்த சீட்டுகள் எனக்குப் பிடித்த மாதிரியே இருந்தன. பேழையின் நீளம் என்ன, மூன்று ஞானிகள் எந்த ஊர் என்று. கலைக்களஞ்சியம் மாதிரி விடை எழுதினேன்.

தவக்காலத்துக்கு முந்தைய வாரம் ஒரு சீட்டு வந்தது. பாடகர் குழுவில் பாடும் ஒரு பெண்ணின் கையெழுத்து. நான் மாணவர் கையெழுத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காதவன். ஆனால் வாசகம் அந்தப் பெண்ணுடையது இல்லை. "பன்னெண்டு வருசம் முன்ன உட்டுட்டுப் போன புருசன் திரும்பி வந்து ஒண்ணு கேட்டா, பொண்டாட்டி குடுக்கோணுமா? வேதத்துல என்ன சொல்லியிருக்குது?"

இங்கேதான் நான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டு யாருடையது என்று எனக்குத் தோன்றியது. எழுதத் தெரியாதவர் பக்கத்து வீட்டில் இருக்கும் அந்தப் பாடகர் குழுப் பெண்ணிடம் சொல்லி எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. எங்கள் தெருவில் பன்னிரண்டு வருடம் புருசன் இல்லாத பெண் இன்னொருவர் கிடையாது. தோன்றிய நொடியிலேயே அதைத் தள்ளிவைத்தேன். பெயர் தெரியக் கூடாது என்பது விதி, விதியை வைத்தவன் நான், ஆகவே எனக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்தும்போது பதிவெண்ணை மடித்து ஒட்டியிருப்பார்கள். யாருடைய தாள் என்று தெரியாமல் திருத்துவது அங்கே நேர்மை. இங்கே அது வெறும் சோம்பல்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தேன். "குடுக்கோணுமா" என்பதை "கொடுக்க வேண்டுமா" என்று திருத்தினேன். "பன்னெண்டு வருசம் முன்ன" என்பதை அடித்தேன். கணக்குக்குத் தேவையில்லாத தரவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமே, அப்படி. அதை அடித்ததால் கூட்டத்தில் வேறு எவருக்கும் அது யாருடைய கேள்வி என்று தெரியாமல் போயிற்று. அன்று தெரிந்திருந்தால் அங்கிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

விடை ஆறு வரி. மனம் திருந்தித் திரும்பும் கணவனை மனைவி ஏற்று மன்னிக்கக் கடமைப்பட்டவள். திருமணத்தில் இருவரும் ஓருடல். ஆகவே மனைவியிடம் உள்ள எதுவும் கணவனுக்கும் உரியது. கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். ஆதாரம் மூன்று இடங்கள், அதிகாரமும் வசனமும் அடைப்புக்குறிக்குள். கச்சிதமான விடை. ஐந்துக்கு ஐந்து.

ஞாயிறன்று எங்கள் வீட்டிலேயே கூட்டம். வழக்கம்போல் ஜெராக்ஸ் தாளை வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, கேள்வியையும் விடையையும் வாசித்தேன். என் மனைவி டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அவன் எதக் கேக்கறான்னு தெரியோணுமில்லீங்க?"

"கேள்வியில அது இல்ல," என்றேன்.

"கேள்வியில இல்லாட்டி என்னுங்க? நகையக் கேக்கறானா, ஊட்டக் கேக்கறானா? திருந்துனான்னு யாரு சொன்னா? சீட்டுல எழுதியிருக்குதா?"

"அம்மிணி விட மாட்டாங்க போலிருக்குது," என்று ரிக் பெரியவர் சிரித்தார்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்," என்று நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் சத்தம் அடக்கத் தூக்கும் கை. நாற்பது ஆண்டு மனைவி உள்ளே போனாள். கதவோரம் உட்கார்ந்திருந்தவரை அப்போது ஒரு முறை பார்த்தேன். என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு முறை கேட்டால் வரி மாறாமல் திருப்பிச் சொல்லக்கூடியவர் என்று முன்பே எழுதினேன். "அடுத்த சீட்டு," என்றேன்.

அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றது. விசாரித்தபோது உறவுக்காரர் வீட்டுக்கு, பரமத்தி வேலூருக்குப் போயிருப்பதாகவும், பிறகு கோவைக்குப் போயிருப்பதாகவும் சொன்னார்கள். நான் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டேன். ஆமாம், வருகைப் பதிவேடும் வைத்திருந்தேன். வினாடி வினாவில் எங்கள் பங்குக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. நாற்பத்தொரு கேள்விக்குச் சரியான விடை சொன்னோம்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு ஞாயிறு, கூட்டம் தொடங்கும் நேரத்தில், ஒரு ஆள் ஒரு தார் பூவன் பழத்தோடு வந்து நின்றார். மெலிந்த உடம்பு, முகத்தில் மூக்கையும் வாயையும் மூடிய துணி, புதுச் சட்டை. கொஞ்ச நேரம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகு ரிக் பெரியவர்தான், "டேய், நீயாடா? செத்துட்டேன்னு சொன்னாங்க!" என்று எழுந்தார். இருவரும் ஒரு காலத்தில் ஒரே வண்டியில் வேலை பார்த்தவர்கள்.

"செத்துத்தாண்ணா பொழச்சேன்," என்றார் வந்தவர். பழத்தாரை என் காலடியில் வைத்துக் கும்பிட்டார். "சாமி, உங்களாலதான் நான் உசுரோட இருக்கறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். வடக்கே இருந்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அங்கே இருந்த பெண் கைவிட்டாள். பரமத்தி வேலூரில் அண்ணன் வீட்டுக்கு வந்து விழுந்தார். வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க ஓட வேண்டியிருந்தது. அண்ணன்மார் யாரும் தங்கள் சிறுநீரகம் தர முன்வரவில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் எட்டிப் பார்க்காத தம்பி பெண்டாட்டியைத் தேடிக் கேட்க மட்டும் வந்தார்கள். எங்கள் நூல் சுற்றும் அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்று பதினைந்து நாள் கேட்டிருக்கிறார். பிறகு சரி என்றிருக்கிறார். ரத்தமும் பொருந்தியது. கோவையில் அறுவை சிகிச்சை நடந்தது.

"ஆஸ்பத்திரில கமிட்டின்னு வெச்சுக் கேட்டாங்க. யாராச்சும் வற்புறுத்துனாங்களாம்மான்னு. இல்லீங்க, வேதத்துலயே சொல்லியிருக்குது, சார் படிச்சுக் காட்டுனாருன்னு சொன்னா. நீங்க குடுத்த தாளக்கூட மடிச்சு வெச்சிருந்தா," என்றார்.

கைதட்டினார்கள். நான் தடுக்கவில்லை. எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு நிமிடம், அல்லது அதற்கும் மேலாக, எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் முறைக்குக் கிடைத்த பலன் இது, இதைப் பங்குத் தந்தைக்கு அறிக்கையில் எழுத வேண்டும் என்று வாக்கியம்கூட மனதில் ஓடியது. திரும்பியபோது என் மனைவி பழத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கைதட்டவில்லை.

"அந்தப் புள்ள எங்கீங்க?" என்று வந்தவரைக் கேட்டாள்.

"ஊட்டுலதான். அவளால ரொம்ப நேரம் கீழ ஒக்கார முடியறதில்லீங்க. வெட்டுன எடம் இழுக்குதுங்கறா."

அன்று வினா விடை நடக்கவில்லை. எப்படி நடக்கும். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் போன பிறகு மனைவி பழங்களைச் சீப்புச் சீப்பாக வெட்டித் தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். ஒன்றைக்கூட எங்கள் வீட்டில் வைக்கவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, முன்னால் தகரச் சாய்ப்பு. சாய்ப்பின் கீழ் முக்காலியில் உட்கார்ந்து அந்த அம்மா துண்டு மடித்துக்கொண்டிருந்தார். தறிக்கூடத்தில் நின்று செய்யும் வேலை முடியாமல் போய், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் துண்டுகளை மடித்து அடுக்கும் வேலையை வாங்கியிருந்தார். ஒரு பக்கம் மடிக்காத குவியல், இன்னொரு பக்கம் மடித்த அடுக்கு.

"வாங்க சார். அந்தச் சேர இழுத்துப் போட்டு ஒக்காருங்க. அவரு டீக்கடைக்குப் போயிருக்கறாரு."

"உங்களத்தான் பாக்க வந்தேம்மா."

"சொல்லுங்க."

வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். "அந்தச் சீட்டு உங்களுதுன்னு எனக்குத் தெரியாதும்மா," என்று ஆரம்பித்தேன்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியாதுங்களா?"

"பேரு இல்லாம இருந்துச்சில்ல."

"பேரு எழுதக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அதுக்குத்தான் பன்னெண்டு வருசம்னு எழுதச் சொன்னேன். அதப் படிச்சா சாருக்குத் தெரிஞ்சு போகும், கூப்பிட்டுக் கேப்பாருன்னு. நீங்க படிக்கறப்ப பன்னெண்டு வருசத்தக் காணோம்."

எழுபத்திரண்டு வயதில் ஒருவன் பள்ளிப் பிள்ளை போல மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது.

"தோணுச்சும்மா," என்றேன். "உங்களுதுன்னு தோணுச்சு. நாந்தான் அடிச்சேன்."

"அதான பாத்தேன்."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதற்காக அது லேசாக இருந்தது என்று யாரும் எண்ணவேண்டாம்.

"ஏனுங்க சார், தோணுனப்ப கூப்பிட்டுக் கேட்டிருந்தா, நானும் விசயத்தச் சொல்லியிருப்பேன். அப்ப என்ன பதில் சொல்லியிருப்பீங்க?"

நான் யோசித்தேன். கொடு என்று ஒரு மனிதன் இன்னொருவருக்கு எப்படிச் சொல்வான்? கொடுக்காதே என்று சொன்னால் ஒருவன் சாவான். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு வகுப்பிலும் நான் சொல்லாத சொல் வாயில் வந்தது.

"தெரியலம்மா."

அவர் இரண்டு துண்டுகளை மடித்து முடித்தார்.

"அன்னைக்கு இதச் சொல்லியிருக்கலாமுங்க," என்றார். "சாருக்கே தெரியலையாம்னு நாலு பேருகிட்டக் கேட்டிருப்பேன். உங்க ஊட்டு அம்மாகிட்டக் கேட்டிருப்பேன். அவங்கதான் அன்னைக்கு சரியாக் கேட்டாங்க. குடுத்திருப்பனோ, போடா நாயேன்னு தொரத்தியிருப்பனோ, அது தெரியாது. குடுத்தாலும் நானாக் குடுத்ததா இருந்திருக்கும். இப்ப பாருங்க, அவரு உங்களுக்குக் கொண்டுபோய் பழம் குடுக்கறாரு."

தெருமுனையில் அவர் கணவர் யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசுவது கேட்டது. நன்றாக இருந்தார். அது பொய்யில்லை. அந்த அம்மா கொடுத்ததால் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதை வைத்து நான் என்னைத் தேற்றிக்கொள்ளலாமா என்று அந்த நேரத்தில்கூட என் புத்தி அலைந்தது. புத்தி அப்படித்தான். கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும், தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும்.

"என்ன மன்னிச்சிருங்கம்மா," என்றேன்.

"அதுக்கும் உங்க தாள்ல பதில் இருக்குமில்லீங்க?" என்றார். முகத்தைப் பார்த்தால் கேலியா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு, "டீ வெக்கறேன், இருங்க," என்று எழுந்தார். ஒரு கை இடுப்புக்கு மேலே பக்கவாட்டில், இன்னொரு கை கதவு நிலையில். நான் எழுந்து உதவப் போனேன். "நீங்க ஒக்காருங்க," என்றார்.

உள்ளே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்தேன். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து அடுக்கின் மேல் வைத்தேன். இன்னும் இரண்டு மடித்தேன். அவர் டம்ளரோடு வந்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் மடித்தவற்றில் கரை உள்ளே போயிருந்தது. மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து உதறி, கரை வெளியே தெரிய மறுபடி மடித்தார்.